வேலமரம் இருந்த இடம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

எருமப்பட்டிப் பக்கம் குமாரசாமி அண்ணன் கட்டப்போகும் மாணவர் விடுதிக்குப் பசுமைக் கட்டடச் சான்று வேண்டும். அந்த நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பது என் வேலை. போன வாரம் சும்மா சுற்றிப் பார்த்தேன். கிணற்றின் மேல் சாய்ந்திருந்த வேலமரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள். செவ்வாய்க்கிழமை முறையாகக் கணக்கெடுக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று போனால் மரம் இல்லை. கிணற்றையும் மூடியிருந்தார்கள். நிலம் நெல் அடிக்கும் களம் மாதிரி கிடந்தது.

"ஆபீசருங்க வாரீங்க, முள்ளும் குப்பையுமா கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் ஜேசிபி உட்டு சுத்தம் பண்ணிப்போட்டேன் அம்மிணி" என்று அண்ணன் இளநீரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

"குருவிக்கூடு இருந்துச்சுங்களேண்ணா."

"அதுக்கென்னுங்க, கன்னு நெறையா நட்டுப்போடலாம்."

விடுதியின் கட்டட வடிவமைப்பாளருக்குப் போன் செய்து மரம் போனதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். வெறும் நிலமென்றால் நடுகிற ஒவ்வொரு கன்றுக்கும் சான்றுக்கான மதிப்பெண் கூடுமாம். போன வாரம் பார்த்ததை எழுதட்டுமா என்று கேட்டேன். கணக்கெடுத்த அன்று இருப்பதை மட்டும் எழுதச் சொன்னார்.

குருவிகள் இருந்தன. அலகில் புல்நாரோடு, மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. படிவத்தில் அவற்றின் பெயரை எழுதிவிட்டேன். எங்கே வசிக்கின்றன என்று பக்கத்துக் கட்டம் கேட்கிறது.