டெலிவிஷன்காரியின் ரெகார்டு

1966 ஜூலை, ஞாயிறு.

என் தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்க மறந்த இவரோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. இன்று கேம்ப் பஜார் கடையிலிருந்து ஒரு எல்.பி. ரெகார்டு வாங்கி வந்தார். சீமைப் பாடகி ஒருத்தி டெலிவிஷனில் ஆடிப் பாடிய பாட்டுகளாம். பூனாவில் டெலிவிஷனை யார் கண்டது? அட்டைப் படத்தை நிறுத்திவைத்து, அதைப் பார்த்தபடியே கேட்டோம். பக்கத்து வீட்டு சாந்தாபாயும் வந்திருந்தாள். நடுவில் பாட்டு நின்று வாத்தியம் மட்டும் ஓடியது.

"இப்ப அவ என்ன பண்ணுவா?" சாந்தாபாயைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் தமிழில் கேட்டுவிட்டேன். அந்த மராட்டிக்காரிக்கு ஏது தமிழ்?

"ஆடுவா," என்றார் இவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து ஆடியே காட்டினார். சாந்தாபாய் "ஷாபாஷ்!" என்று கைதட்டினாள்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தது நான்தான்.