கப்பலில் மட்டும் வராதே

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்துவிட்டேன், நலம்.

நீ துர்க்குவிலிருந்து விமானத்தில் வா. பறக்கப் பயமென்றால் வடக்கே சுற்றி ரயிலிலும் பஸ்ஸிலும் வா. கூடுதலாக ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. கப்பல் மட்டும் வேண்டாம்.

பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் தீவுகளுக்கு நடுவே மூடுபனி இறங்கியதால் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். மேல்தளத்தில் காபியோடு நின்றேன். கீழே தண்ணீரிலிருந்து, "மார்கெத்தா, கையைக் குடும்மா, குளிருது" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன், படகும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் குரல் அந்தக் கடல் கொண்டுபோன அப்பாவுடையது.

பதில் சொல்ல வாயெடுத்தேன். கப்பலில் வேலை செய்யும் பிர்கித் அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"வாயத் திறக்காத! போன மாசம் ஒருத்தர் 'இதோ வரேன்'னு சொன்னாரு. திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்."

"அது எங்கப்பா குரலு, அக்கா..."

"தெரிஞ்ச குரலாத்தான் இருக்கும். உள்ள வா."

உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டேன்.

வரும்போது நம் ஊர்க் கறுப்பு ரொட்டி இரண்டு கொண்டு வா. இங்கே கிடைப்பது இனிக்கிறது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் இறங்கமாட்டேன் என்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் பதில் சொல்லவில்லை, அம்மா. நீ சொல்லிவிடுவாய்.

உன் மகள்
மார்கெத்தா