கழற்றி வைத்த ஹெட்செட்

அண்ணா,

அலுமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில் கைவிட்டபோது தட்டுப்பட்டது. உங்கள் ஹெட்செட். வெளியே எடுத்ததும் காதுப் பஞ்சு கறுப்புத் தூளாக உதிர்ந்து என் உடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. தட்டிவிடாமல் மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் நல்லெண்ணெய் மணக்கிறது. லேசாக, சிக்குப் பிடித்த மணம். எனக்கு அது போதும்.

குளிருக்குப் போர்வை எடுக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய். ரிஸான் போனில் சொன்ன நாளிலிருந்தே இதைத் தேட வேண்டும் என்றிருந்தது. தேடி எடுத்துவிட்டால் நீங்கள் போனது நிஜமாகிவிடுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். "நானா மௌத்தாப் பெய்த்தாரு" என்றுதான் அவன் தொடங்கினான். எனக்கு நீங்கள் அண்ணா, அவனுக்கு நானா. கனடாவில், வேலைக்குப் போக வெளிக்கிட்ட நீங்கள், சப்பாத்துப் போடக் கதிரையில் உட்கார்ந்தீர்களாம். எழும்பவில்லையாம். அவ்வளவு குளிர்நாட்டில், பக்கத்தில் ஆளில்லாமல். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

ரிஸானின் வாப்பா நடத்திய கொமியுனிகேஷன் கடைக்கு நான் இன்றைக்கும் மனதால் படியேறி விடுவேன். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், துணிக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி. முன்பக்கம் கவுண்டர், போன், போட்டோகொப்பி மெசின். பின்பக்கம் வரிசையாகக் கம்பியூட்டர்கள். ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் வந்திறங்கி அந்தக் கவுண்டரில் இருப்பதுதான் என் வேலை. கலவர வருஷத்தில் டவுனில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் என் அப்பா. "டவுன்ல தமிழ்ல சத்தமாப் பேசாத பிள்ள" என்று சொல்லித்தான் ஒவ்வொரு காலையும் பஸ் ஏற்றுவார். நானோ வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள்.

நீங்கள் விளையாட வரவில்லை. போனுக்காக வந்தீர்கள். கிளிநொச்சியிலிருந்து இங்கே டெக்னிக்கல் கொலிஜில் படிக்க வந்த பிறகு, சண்டை தொடங்கி வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள். அம்மா தனியாக உள்ளே. நீங்கள் அவருக்கு எடுக்க வழியில்லை. அவர்தான், யாரிடமாவது சற்றலைட் போன் இருந்தால், வரிசையில் நின்று எடுக்க வேண்டும். அவரிடம் எங்கள் கடை நம்பரைக் கொடுத்திருந்தீர்கள். எந்த நாள் மணி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? வகுப்பு முடிந்த பின்னேரமெல்லாம் வந்து, ஒரு கதிரையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வடக்கிலிருந்து வந்த இளந்தாரி ஒருவர் வேலையில்லாமல் கடையில் குந்தியிருந்தால் அந்த நாட்களில் சும்மா விடுவார்களா? நான்தான் சொன்னேன். "இப்படி இருந்தா ஆளுங்க ஒரு மாதிரி பாப்பாங்க அண்ணா. ஒரு மெசின்ல உக்காந்து ஏதாச்சும் விளையாடுங்க."

"எனக்கு உது தெரியாது, தங்கச்சி" என்றீர்கள். கொஞ்ச நாளில் கடையில் உங்களை வெல்ல ஆளில்லாமல் போயிற்று.

அம்மாவின் அழைப்பை எடுப்பவள் நான். "பிள்ளை, அங்க குளிரோ?" என்று என்னை விசாரித்துவிட்டுத்தான் மகனைக் கேட்பார். முகம் காணாத மனுஷி. ஆனால் அந்தக் குரல் கேட்டால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள். "கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறானாம். கண் சூடாகும். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கச் சொல்லு பிள்ளை" என்பார். நீங்களும் சொல் தட்டாமல் வழிய வழிய வைத்து வந்தீர்கள். ஹெட்செட்டில் எண்ணெய் ஏறி வேறொருவர் போட முடியாமல் ஆனது. "நானா, இத நீங்களே வெச்சிக்கோங்க. தோசக்கட மாதிரி மணக்குது" என்று ரிஸான் அதை உங்களுக்கே கொடுத்துவிட்டான்.

பிறகுதான் அந்த ஒன்லைன் போட்டி வந்தது. நாடு முழுக்க அணிகள். அவரவர் ஊரில் இருந்தபடியே விளையாடலாம், அணிக்கு நாலு பேர். கப்டன் சஞ்சீவ, கடுகண்ணாவை ஊர்ச் சிங்களப் பையன், டயர் கடைக்காரரின் மகன். ரிஸான், நீங்கள், இன்னொரு பையன். அந்தப் பையன் சோதனைக்குப் படிக்கப் போய்விட, கவுண்டரில் இருந்த என்னை இழுத்துப் போட்டீர்கள். வென்றால் அணியின் படம் பேப்பரில் வரும் என்றார்கள். சஞ்சீவவுக்கு அதுதான் வேண்டும். ஆமியில் இருந்த அவனுடைய அண்ணனுக்கு, அவன் சொல்வதுபோல் அய்யாவுக்கு, அந்தப் பேப்பரை அனுப்ப வேண்டும். தம்பி உருப்படமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனவராம்.

அந்த அய்யா நின்றது வடக்கில், முன்னரங்கில். உங்கள் அம்மா இருந்த பக்கம் பார்த்து. இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். ஒருநாளும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்கள் அம்மாவின் போன் வந்த நாளில் சஞ்சீவ கீழே போய் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கி வருவான். அவன் அய்யாவின் கடிதம் வந்த நாளில் நீங்கள் வாங்கி வருவீர்கள். எங்களுக்குள் இருந்த அரசியல் அவ்வளவுதான்.

விளையாட்டு உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் வரவில்லை. ஒரு பக்கம் குண்டு வைக்க வேண்டும், மறுபக்கம் தடுக்க வேண்டும். செத்தவர்கள் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் பயிற்சியில் ரிஸான் தன்னை மறந்து, "குண்டு வெச்சிட்டானுவோ, ஓடுங்க" என்று கத்திவிட்டான். கவுண்டரில் போட்டோகொப்பி எடுக்க நின்ற பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. "கேம் எகக் மாத்தயா, கேம் எகக்" என்று, விளையாட்டுத்தான் ஐயா என்று சிங்களத்தில் சொல்லித் திரையைக் காட்டினேன். அவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார், உங்கள் முகத்தையும் பார்த்தார், சிரிக்காமல் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து குண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் பாண், பேக்கரியில் வாங்கித் தின்கிற பாண்தான். "பாண் வெச்சாச்சு" என்று கத்தினால் யார் பிடிக்கப் போகிறார்கள்?

எங்கள் அணிக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. அது நீங்கள் போட்டது. அந்த விளையாட்டில் செத்த ஆள், மிச்சமிருப்பவர்கள் பார்ப்பதைத் தன் திரையில் பார்க்கலாம். எதிரி எங்கே பதுங்குகிறான் என்று சொல்லிக் கொடுக்கலாம். போட்டியில் அது கூடாது. ஆனால் கொழும்பில் இருப்பவனுக்கு கண்டியில் நாங்கள் கிசுகிசுப்பது எப்படித் தெரியும்? "எல்லாரும் செய்றதானே நானா" என்றான் ரிஸான்.

"செத்தவன் கதைக்கப்படாது" என்றீர்கள். "செத்தா ஹெட்செட்டைக் கழட்டி மடியில வை. களவா வெண்டு என்னத்துக்கு?"

"அப்ப செத்தவ என்னதான் செய்யிறது?" என்று நான் கேட்டேன். அதிகம் சாகிறவள் நான்தானே.

"காது திறந்துதானே இருக்கு. கேட்டுக்கொண்டு இரு."

நாங்கள் சிரித்தோம். ஆனால் கேட்டு நடந்தோம். சஞ்சீவகூட, செத்த உடனே பல்லைக் கடித்துக்கொண்டு ஹெட்செட்டை மடியில் வைத்துவிடுவான். அப்படி விளையாடியே இறுதிப் போட்டி வரை வந்தோம்.

அதற்குள் அம்மாவின் அழைப்பு நின்றுபோய் வாரக்கணக்காகியிருந்தது. கிளிநொச்சியை விட்டுச் சனம் எல்லாம் கிழக்கே நகர்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நீங்கள் மெலிந்துபோனீர்கள். நாங்கள் கேட்டால், "அம்மா எடுப்பா, எடுப்பா" என்பீர்கள். எண்ணெய் வைப்பதை மட்டும் விடவில்லை.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிறு பின்னேரம். கடை நிறையப் பெடியள். எல்லோரும் கேட்கட்டும் என்று ரிஸான் பெரிய ஸ்பீக்கர்களை இழுத்து வந்து உங்கள் மெசினில் பூட்டியிருந்தான். எதிரே கொழும்பு அணி. சமன், சமன் என்று போய்க் கடைசிச் சுற்றில் நின்றது. வழக்கம்போல் நான் முதலில் செத்தேன். ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தேன். ரிஸான் செத்தான். சஞ்சீவ செத்து, தலையில் கைவைத்தான். எங்கள் பக்கம் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பக்கம் இரண்டு பேர். ஸ்பீக்கரில் வந்த வெடிச்சத்தத்தில் சுவர் அதிர்ந்தது.

அதற்கிடையில் எனக்கு மட்டும் ஏதோ கேட்டது. கவுண்டர் போன். அந்த மணிக்குப் பழகிய காதில் ஒன்றுமில்லாமல் இருந்ததால்தான் கேட்டது. ஓடிப்போய் எடுத்தேன்.

"பிள்ளை."

குரல் நூல்போல இருந்தது. குளிரோ என்று கேட்கவில்லை. "அது என்ன சத்தம் பிள்ளை? அங்கையும் தொடங்கிட்டுதே? என்ர பிள்ளை எங்க?"

அண்ணா, அவர் தலைக்கு மேல் அந்த நேரம் என்ன விழுந்துகொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது. அங்கே நின்றுகொண்டு அவர் எங்களுக்காகப் பயந்தார். ஓயாமல் பேசுகிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணா, அம்மா!"

உங்களுக்குக் கேட்கவில்லை. காதில் ஹெட்செட். சஞ்சீவவுக்குக் கேட்டது. சிங்களத்திலும் அம்மா அம்மாதானே. அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். என்ன விளங்கியதோ, எழுந்து ஒரே பாய்ச்சலில் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

எல்லாத் திரையும் இருண்டது. வெடிச்சத்தம் நின்றது. போட்டியும் போயிற்று, படமும் போயிற்று. பெடியள் சத்தம் போட எழும்ப, சஞ்சீவ கையை உயர்த்தினான். எல்லோரும் அப்படியே உட்கார்ந்தார்கள். நீங்கள் திகைத்துத் திரும்பினீர்கள். அவன் உங்கள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "மச்சான், அம்மா. போ."

அந்த அமைதியில் நீங்கள் பேசியது முழுவதும் எங்களுக்குக் கேட்டது. "இல்லையம்மா. இஞ்ச சண்டை ஒண்டுமில்லை. பெடியள் விளையாடுறாங்கள்... ஓம்... ஓமம்மா, எண்ணெய் வைக்கிறனான்... நீங்கள் சாப்பிட்டியளே?" அதற்கு அவர் சொன்ன பதில் என்ன என்று நான் உங்களிடம் கேட்டதேயில்லை. லைன் அறுந்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றீர்கள்.

பிறகு சஞ்சீவவிடம் வந்தீர்கள். "மச்சான், உன்ர படம்..."

"படம் பிறகு எடுக்க ஏலும்" என்றான் தனக்குத் தெரிந்த தமிழில். கண் கலங்கியிருந்தது. எதற்கென்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டென்று படியிறங்கிப் போய்ப் பிளேன்டீ வாங்கி வந்தான். அம்மாவின் போன் வந்த நாள் அல்லவா.

அதுதான் கடைசி அழைப்பு. சண்டை முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்த நாளில் நீங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு வவுனியாவில் முகாம் முகாமாக ஏறி இறங்கினீர்கள், அம்மாவின் படத்தோடு. வாசலில் சிங்களத்தில் கேட்டுச் சொல்ல சஞ்சீவ கூடவே வந்தான். அவன் அய்யா ஒரு காலில்லாமல் ஊருக்கு வந்திருந்தார். அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் உங்களோடு பஸ் ஏறினான். உயிரோடிருப்பவர்களிலும் அம்மா இல்லை, இறந்தவர்களிலும் இல்லை. "காணேல்லை" என்று மட்டும் சொல்வீர்கள். இல்லை என்ற சொல்லை உங்கள் வாயால் நான் கேட்டதில்லை.

கனடாவுக்குப் போகும்போது மரப்படியின் உச்சியில் நின்று இந்த ஹெட்செட்டைத் தந்தீர்கள். "இது உன்னட்டை இருக்கட்டும், தங்கச்சி. போன் வந்தா எடு. நம்பரை மாத்த விடாதை எண்டு ரிஸானிட்டைச் சொல்லு." சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

கடையை மூடி எத்தனையோ காலம். ஆனால் ரிஸான் அந்த நம்பரைத் தன் அலவத்துகொட வீட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் எல்லோர் கையிலும் செல்போன். அந்த மேசைப் போனை யாரும் தொடுவதில்லை. தூசி தட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் கதை வேறு. எங்கள் வீட்டில் எந்தப் போன் மணி அடித்தாலும் நான் முதலில் ஓடிப்போய் டிவியை நிறுத்துவேன். "அம்மாவுக்கு இது ஒரு விசர்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். படத்தில் துப்பாக்கிச் சத்தம் வந்தால் எனக்குக் கை தானாகப் போகும். சொல்லி விளங்க வைக்க நான் முயன்றதில்லை.

ரிஸான் உங்கள் செய்தியைச் சொன்னபோதும் டிவியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன். அழுது முடித்து, கடைசியில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த நம்பர இனி என்ன செய்ற? வெட்டச் சொல்லவா? நானாவும் இல்லயே."

"இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே பிறகுதான் விளங்கியது.

ஹெட்செட் இப்போது என் மடியில் இருக்கிறது அண்ணா. நீங்கள் கதைக்கமாட்டீர்கள், தெரியும். விதி உங்களுடையது. காது திறந்துதானே இருக்கு, கேட்டுக்கொண்டு இருங்கள். அந்தப் போன் ஒருநாள் அடித்தால் ரிஸான் எனக்குச் சொல்வான். நான் எடுப்பேன். என்ன சத்தம் பிள்ளை என்று அவர் கேட்டால், அன்றைக்கு வராத சொல் எனக்கு இப்போது வரும். சண்டை இல்லையம்மா, பிள்ளைகள் விளையாடுறாங்க என்று இந்தத் தடவை நானே சொல்லிவிடுவேன்.