சொல்லாமல் விட்ட பாதி

செவ்வாய்க்கிழமை, இரவு.

மழை விடவில்லை. மடுல்கெல்ல மலைப்பாதையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்று பகல் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தவர் ஒருவர், ஈரலில் புற்றுநோய். அவர் மனைவிக்குச் சிங்களம் வராது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். வலி கூடும். அதற்கான மருந்து அந்தப் பக்கம் கிடைக்காது, கூடினால் உடனே இங்கே கொண்டுவர வேண்டும். நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக் குடுத்தாச்சாம் அக்கா. கூட்டிட்டுப் போகலாமாம்."

"அப்ப சொகமாயிருச்சா தங்கச்சி?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புருஷனுக்குச் சட்டை மாட்டி, கைத்தாங்கலாக பஸ்ஸுக்கு நடத்திக்கொண்டு போனார். போன் நம்பர்கூட நான் கேட்கவில்லை.

இந்நேரம் தோட்டத்து லயத்து வீட்டில் அவருக்கு வலி தொடங்கியிருக்கும். சுகமானவருக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று அந்த அம்மா திகைத்துப் போயிருப்பார். திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அப்பாவைப் பற்றிப் பேச நாளைக் காலை டாக்டர் என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கதிரை காட்டி உட்காரவைத்துத்தான் சொல்வார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஒரு சொல் விடாமல் புரியும்.