விட்டுப்போன ஓர் எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகள் போன் செய்து, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டார். கொஞ்சம் சாப்பிட்டார் என்று சொல்வதாக நினைத்து, “ஹி ஏட் லிட்டில்” என்றேன். அவர் வேலையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்தார். பெரியவரோ ஜம்மென்று உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

நம்மவரான நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார்.

“‘எ லிட்டில்’னாத்தான் கொஞ்சம். வெறும் ‘லிட்டில்’னா அனேகமா ஒண்ணுமே சாப்பிடலைன்னு அர்த்தம்மா.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவரின் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா திட்டவில்லை. “இப்படியாவது அப்பாவைப் பார்க்க வந்தேனே” என்று சொல்லி, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அங்கே நிற்க முடியாமல், கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். என் இங்கிலீஷைப் பற்றித் தெருவெல்லாம் பெருமையடிப்பதையும் நிறுத்துங்கள் அப்பா, கூசுகிறது. தம்பியின் பழைய இலக்கணப் புத்தகத்தை அனுப்புங்கள். புத்தகத்துக்குள் உங்கள் போட்டோ ஒன்றும் இருக்கட்டும், மடங்காமல் வரும். பெரியவர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்