பாத்திரக் கம்பெனி வாள்

மார்ச் 4, புதன்

புதிதாக வந்த ஒன்பது பழைய வாள்களுக்கும் கடையின் இணையதளத்தில் விவரம் எழுதி முடித்தேன். பதினோரு வருடப் பழக்கம். கை தானாக ஓடுகிறது. துருப்பிடித்திருந்தால் "காலத்தின் முத்திரை". முனை ஒடிந்திருந்தால் "கடும்போர் கண்டது". மூன்றாவதற்கு, "தளபதி ஒருவரின் இடையில் இருந்தது." எந்தத் தளபதி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மார்ச் 9

முதலாளியம்மா வாள்களைச் சோதிக்க ஒரு பெண்மணியை அமர்த்தியிருக்கிறார். உலோகச் சோதனைக்கூடத்தில் இருபது வருடம் இருந்தவராம். தளபதி வாளை விரலால் சுண்டிப் பார்த்தார். பிடியைக் கழற்றினார். உள்ளே செருகியிருந்த இரும்பு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"சார், இந்தத் தளபதி மொத வெட்டு வெட்டியிருந்தா, கத்தி எதிராளி மடியில போய் விழுந்திருக்கும்."

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 10

அந்தப் பெண்மணி ஒன்பதில் ஏழு வாள்களை இணையதளத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா வந்திருக்காங்க?

மார்ச் 17

போன மாதம் வாள் வாங்கிய ஒரு பஸ் டிரைவர், ஓய்வு பெற்றவர், அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "படைப்பிரிவு முத்திரை பதித்தது" என்று நான் எழுதியிருந்தேன். அவர் அப்பா படையில் இருந்தவர். அதே பிரிவுதானா என்று தெரிய வேண்டுமாம்.

சோதிக்கும் பெண்மணி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். முதலாளியம்மாவும் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஐயா, இது பாத்திரம் செய்யற கம்பெனியோட முத்திரை. வாளும் பழசு இல்ல."

"அப்ப அப்படி எழுதினது யாரு?"

அந்தப் பெண்மணி என்னைக் கைகாட்டியிருக்கலாம். வேலை அங்கேயே போயிருக்கும்.

"நாங்கதான் எழுதினோம். தப்பு எங்களோடது. மன்னிச்சிடுங்க."

டிரைவர் வாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என் வீட்டுக்காரி அன்னைக்கே சொன்னா, இதுல சட்டி வாசம் அடிக்குதுன்னு."

மார்ச் 18

"நாங்க" என்றாரே. வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. எப்படி மனசு வந்தது?

மார்ச் 26

இன்று அவரிடமே போய்க் கேட்டேன், எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று. ஒரு மணி நேரம் சொன்னார். எந்த இரும்பு எப்படித் தேயும் என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

ஏப்ரல் 8

நிஜமாகவே பழைய வாள் ஒன்று வந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. நானும் அந்தப் பெண்மணியும் உட்கார்ந்து காலை முழுக்க எழுதி, தாளில் ஆறு வரிதான் தேறியது. முதலாளியம்மா படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாம்மா தெரியும்" என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண்மணி என்னிடமிருந்து பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.