மாமாவின் பெயரில் ஒரு வாசல்

மார்ச் 3, திங்கள்

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பல் டாக்டருக்கு இது புது அனுபவம். வழக்கமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்னிடம் வருகிறவர்கள்தான்.

மாமனார் ஒரு காலத்தில் தலைவராக இருந்து நடத்திய கேளிக்கைப் பூங்காவிலிருந்து விளம்பர அதிகாரி தொலைபேசியில் பேசினார். புதிதாக மூன்றாவது வாசல் ஒன்று கட்டியிருக்கிறார்களாம். அதற்கு மாமாவின் பெயரை வைக்கலாம் என்று இயக்குநர்களில் பாதிப் பேர். வைத்தால் ஊரே காறித் துப்பும் என்று மீதிப் பேர். சண்டை முற்றி, மக்கள் முன்னால் ஒரு விவாதம் வைத்து முடிவு செய்துவிடலாம் என்று வந்து நிற்கிறார்கள். மாதக் கடைசியில் நூலக அரங்கில். ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர், பிறகு கை தூக்கி வாக்கு.

"குடும்பத்துலேருந்து ஒருத்தர் ஆதரிச்சுப் பேசினா நல்லா இருக்கும் சார். உங்க மனைவிகிட்ட கேட்டோம். முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்கென்ன, நான் பேசறேன்."

ஏன் சொன்னேன்? கல்யாணமாகி இத்தனை வருடங்களில் மாமா என்னிடம் கேட்ட கேள்விகளை எண்ண ஒரு கை போதும். ஒருமுறையாவது அவர் கண்ணில் ஆளாகத் தெரியவேண்டும் என்ற நப்பாசை. வேறென்ன.

மார்ச் 4

மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எதிர்த்துப் பேசறது யாருன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"நான்தான்."

மார்ச் 5

தப்பித்தவறி உப்பு டப்பாவை இருவரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனோம். இருவரும் கையை இழுத்துக்கொண்டோம். உப்பில்லாமலே சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அவளாகவே பேசினாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி.

"என்கூடப் படிச்ச பாதிப் பேரோட அப்பா அம்மா அந்தப் பூங்காவுலதான் வேலை பார்த்தாங்க. ஒரே வருஷத்துல அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, ஒப்பந்த ஆளுங்களை வச்சாங்க. அடுத்த வருஷம் நான் காலேஜ் போனேன். அவங்கள்ல நிறைய பேர் போகல. வகுப்புல என்னை எப்படிப் பார்த்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அந்த வாசல் வழியா நான் என் ஸ்கூல் பிள்ளைங்களை சுற்றுலா கூட்டிட்டுப் போகணும், மேல எங்கப்பா பேரு இருக்கணும். என்னால முடியாது."

நான் என்ன சொன்னேன்? "நான் வேணா துடைக்கட்டுமா?" என்றேன். தட்டுகளைச் சொன்னேன். அவளுக்கும் அது தட்டுகளைப் பற்றித்தான் என்று புரிந்திருக்கும் என நம்புகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேச்சுக்குச் சரக்கு தேடி மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். நாலாவது மாடி, இரண்டு அறை, நாற்காலிகள் சுவரை ஒட்டி ஒரே கோட்டில்.

"நீங்க வந்தப்போ பூங்கா மூடற நிலைமையில இருந்துச்சு இல்லையா மாமா?"

"ஆமா."

"அதை நாட்டிலேயே பெரிய பூங்காவா ஆக்கினீங்க."

"ரெண்டாவது பெரிசு."

"உங்க காலத்துல ஒரு விபத்துகூட நடக்கல."

"ஒண்ணு நடந்துச்சு. ஒருத்தருக்குக் கை முறிஞ்சுது."

இப்படி ஒவ்வொன்றையும் வெட்டிக் குறைத்துக் கையில் கொடுத்தார். கடைசியில், எதிர்த்துப் பேசப்போவது அவருடைய மகள்தான் என்பதை மென்று விழுங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், முகத்தில் என்னவோ மலர்ந்தது.

"அவ நல்லா பேசுவா. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க மாப்பிள்ளை."

மார்ச் 10

பிடித்துவிட்டேன்! அத்தை உயிரோடு இருந்தவரை திரும்பத் திரும்பச் சொன்னது: "அவர் என்ன பண்ணுவார் பாவம். மேல இருக்கிறவங்க கழுத்தைப் பிடிச்சாங்க. ஆளைக் குறைக்கலேன்னா நீ வெளிய போன்னுட்டாங்க." ஆக, வேலைநீக்கம் மாமா செய்த குற்றமல்ல, அவருக்கு நேர்ந்த கொடுமை. இதுதான் என் பேச்சின் முதுகெலும்பு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே கலங்குவதைப் பார்க்க நல்லவேளை யாருமில்லை.

மார்ச் 13, வியாழன்

பேச்சை ஒத்திகை பார்க்க மருத்துவமனை நாற்காலியைவிடத் தோதான இடம் கிடையாது. ஆள் படுத்திருப்பார், வாயில் பஞ்சு இருக்கும், எதிர்க்கேள்வி வராது. இன்று கடைவாய்ப் பல்லுக்கு வந்த பெரியவர் ஒருவரிடம் முழுப் பேச்சையும் பேசித் தீர்த்தேன். இடையிடையே அவர் "ஆ... ஆ..." என்றார். ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பஞ்சை எடுத்ததும் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"டாக்டர், அந்தப் பூங்காவுல ராட்டினம் ஓட்டினவன் நான். என்னை வேலையை விட்டு அனுப்பினதே உங்க மாமனார்தான்."

பெரிய ராட்டினம். பொத்தானை அழுத்தி மேலே ஏற்றி இறக்குவாராம். என் கையில் அப்போது அவருடைய பல்.

அசடு வழிய நின்றேன். "கூட்டத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வராம? கை தூக்கணும்ல."

மார்ச் 14

அவர் எந்தப் பக்கம் தூக்குவார் என்று ஏன் கேட்காமல் விட்டேன்? கேட்க வேறு வேண்டுமா, முட்டாளே.

மார்ச் 20, வியாழன்

வீட்டில் இரண்டு பேச்சாளர்கள். நான் கூடத்தில் நடக்கிறேன், அவள் படுக்கையறையில் நடக்கிறாள். கதவிடுக்கில் கேட்கும் அவள் குரல் என் பேச்சைவிட எனக்கே பிடித்திருக்கிறது. இது நல்ல அறிகுறியல்ல.

சாயங்காலம் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். வேலையை விட்டு அனுப்பினதைப் பத்திப் பேசுவேன். ஆனா அது அப்பாவோட முடிவுன்னு சொல்ல மாட்டேன். மேல இருந்தவங்க நெருக்கினாங்கன்னு அம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மறைச்சுப் பேசினா நியாயமில்ல. தடுக்காம விட்டாரேங்கறதுதான் என் கேள்வி."

எதிரியாக இருந்தும் இவ்வளவு நேர்மை. நானாக இருந்தால் மறைத்திருப்பேன். மறைக்கத்தான் போகிறேன், கை முறிந்த விஷயத்தை.

மார்ச் 28, வெள்ளி

தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு, வெந்நீர், பிரார்த்தனை. நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? கூடவே படுத்திருக்கும் எதிர்க்கட்சியை எப்படி ஏமாற்றுவது?

மார்ச் 30, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று காலைதான் எழுதத் தெம்பு வந்தது.

அரங்கம் நிறைந்துவிட்டது. மாமா முன்வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வரிசை தள்ளி ராட்டினக்காரர். பல் போன கன்னத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் நான். தொடக்கம் மோசமில்லை. பூட்டும் நிலையில் இருந்த பூங்கா, துருப்பிடித்த சவாரிகள், அதை ஒரு மனிதர் தூக்கி நிறுத்திய கதை. ஆனால் என் முன்னால் மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு இருந்துதான் பழக்கம். இங்கே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நடுவில் தடுமாறி, "இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேட்டுக்குங்க" என்பதற்குப் பதிலாக, "இப்ப கொஞ்சம் கொப்பளிச்சுக்குங்க" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. ராட்டினக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் என் முதுகெலும்பை எடுத்தேன். "அவர் விரும்பிச் செய்யவில்லை. மேலே இருந்தவர்கள் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். அவரும் ஒரு பலிகடாதான்" என்று குரலை உடைத்து முடித்தேன். நல்ல கைத்தட்டல். உட்காரும்போது மாமா பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள். 'அப்பா' என்ற வார்த்தையை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, 'முன்னாள் தலைவர்' என்றே சொன்னாள். படிப்பை விட்ட வகுப்புத் தோழர்களைப் பற்றிப் பேசினாள். ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருந்த இலவச நாளை எடுத்துவிட்டதைப் பற்றிப் பேசினாள். "நெருக்கடி மேலேயிருந்து வந்திருக்கலாம். ஆனால் முன்னாள் தலைவர் ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிப் பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டுகிற மாதிரிப் பேச்சில்லை அது.

வாக்கெடுப்புக்கு முன் அவையில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். மாமா எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரும் நல்லா பேசினீங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே தப்பைச் சொன்னீங்க. என்னை யாரும் நெருக்கல. இயக்குநருங்க ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். கணக்குப் போட்டுக் காட்டி, இப்பவே அனுப்பணும்னு போய்க் கேட்டு வாங்கினது நான். இலவச நாளும் அப்படித்தான். அதுக்கு வேற யாரும் பொறுப்பில்ல."

உட்கார்ந்துவிட்டார்.

யாருக்காக வாதாடினேனோ அவரே வந்து என் முதுகெலும்பை முறித்துக் கையில் கொடுத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் மேடையில் என் பக்கத்து நாற்காலியில் அவள் இருந்தாள். அவளுடைய கை மேசை விளிம்பைப் பிடித்த பிடியைப் பார்த்தேன்.

ராட்டினக்காரரும் எழுந்தார்.

"பேரு வைக்கக் கூடாதுன்னுதான் கை தூக்க வந்தேன். இப்பவும் அதுக்குத்தான் தூக்குவேன். ஆனா ஒண்ணு சொல்லணும். எங்களுக்கெல்லாம் காகிதம் அனுப்பல அவர். ஒவ்வொருத்தர் கிட்டயும் நேர்ல வந்து நின்னு சொன்னார். என் வீட்டுக்காரி தண்ணியை எடுத்து மூஞ்சில ஊத்தினா. தொடைச்சுக்கிட்டு நின்னார். திட்டி முடிக்கிற வரைக்கும் நின்னுட்டுத்தான் போனார்."

வாக்கெடுப்பில் பெயர் தோற்றது. பெரிய வித்தியாசத்தில். வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் மாமாவும் ஒருவர். மனைவி எதற்கும் கை தூக்கவில்லை.

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது சொன்னாள்: "அம்மா பொய் சொல்லியிருக்காங்க. இல்ல, அம்மாகிட்ட இவர் பொய் சொல்லியிருக்கார். எது?"

எனக்கு எப்படித் தெரியும்.

ஏப்ரல் 6

அப்பாவிடம் தினமும் காலையில் தொலைபேசியில் பேசுகிறவள் இந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டுப் பேசினார்! "அவ சாப்பிடறாளா?" என்று. சாப்பிடுகிறாள் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். ஒருவழியாக அவர் கண்ணில் ஆளாகத் தெரிந்துவிட்டேன். தூது போகிற ஆளாக.

ஏப்ரல் 13, ஞாயிறு

"கிளம்புங்க" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

மாமா கதவைத் திறந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவளே அப்படி நினைச்சுக்கிட்டா. அப்படி நினைச்சாத்தான் என்கூட இருக்க முடியும்னு அவளுக்கு இருந்துச்சு. நான் இல்லேன்னு சொல்லல." பிறகு, "எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சும்மா."

"அப்புறம் அன்னிக்கு ஏன் சொன்னீங்க? சும்மா இருந்திருக்கலாமே."

"நீ என்னை எதிர்த்துப் பேசற. அதுலயும் எனக்கு ஒரு ஒளிஞ்சுக்கிற இடம் விட்டு வச்சிருந்த. அதுல போய் உட்கார எனக்கு வெக்கமா இருந்துச்சு."

இங்கே ஒரு நல்ல மருமகன் ஏதாவது சொல்லியிருப்பான். நான் "தண்ணி கிடைக்குமா மாமா?" என்றேன். சமையலறைக்குப் போய் நானே எடுத்து, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். திரும்பி வந்தபோது இருவரும் சுவரோர நாற்காலிகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் அழுதிருந்தாள். மாமா அவளிடம் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பை விட்டவர்களில் ஒருத்தி. அவள் சொல்லச் சொல்ல அடுத்த பெயரைக் கேட்டார். எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 22

ராட்டினக்காரருக்குப் புதுப் பல் கட்டினேன். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை.

மே 4, ஞாயிறு

மூன்றாவது வாசலைத் திறந்துவிட்டார்கள். மேலே பூங்காவின் பெயர் மட்டும். பார்க்க வேண்டும் என்றார் மாமா. மூவரும் போனோம். யாரிடமும் சொல்லாமல், வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு.

உள்ளே நுழையும் சுழல்கதவில் மாமா நின்றுவிட்டார். கம்பியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். குனிந்து அச்சைப் பார்த்தார். பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. காவலுக்கு நின்ற பெண் வந்தாள்.

"பெரியவரே, நகருங்க. அங்க என்ன பாக்கறீங்க?"

நான் மூக்கை நுழைத்து, இவர் யார் தெரியுமா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள். அவர் தோளில் கையை வைத்தாள்.

"எங்கப்பா. முன்னாடி இங்க வேலை பார்த்தவர்."

மாமா அதில் எதையும் திருத்தவில்லை. "ஆமா" என்று சொல்லி, கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.